வலைப்பக்கத்தில் தமிழ் எழுத்துரு தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எழுத்துரு சரியாக வரவில்லை என்றதும் பலரும் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸைத் திறந்து கைக்கு வந்ததை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து, திரையில் இப்போது தெரிவது எந்த எழுத்துரு என்று பாருங்கள். குரோமில் அந்தப் பத்தியின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடிமட்டம் வரை இறங்கினால் ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று ஒரு சிறு தலைப்பு இருக்கும். எழுத்துருவின் பெயர், அதிலிருந்து எத்தனை வடிவங்கள் வரையப்பட்டன, அது சர்வரிலிருந்து வந்ததா அல்லது கணினியில் ஏற்கெனவே இருந்ததா என்ற மூன்று விவரமும் அங்கே கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே ‘ஃபான்ட்ஸ்’ என்ற தாவல் உண்டு. நீங்கள் சிஎஸ்எஸ்ஸில் எதை எழுதியிருந்தாலும் உண்மையில் வரையப்பட்டதைத்தான் இது காட்டும்.

அடுத்து ‘நெட்வொர்க்’ தாவலில் ‘ஃபான்ட்’ வடிகட்டியைத் தேர்ந்து, கேஷை, அதாவது பிரவுசர் முன்பே சேமித்துவைத்த பிரதியை, முடக்கி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். எத்தனை கோப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் எத்தனை கேபி, எது 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று சிவப்பில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோப்பே வரவில்லையா, தாமதமாக வந்ததா, வந்தும் உள்ளே ஏதோ குறைகிறதா என்பது இந்த இரண்டு இடங்களிலேயே தெரிந்துவிடும். கீழே உதாரணத்துக்கு முக்தா மலர் எழுத்துருவை எடுத்திருக்கிறோம். 200 முதல் 800 வரை ஏழு எடைகளில், அதாவது தடிமன்களில், இலவசமாகக் கிடைப்பது, தமிழும் ஆங்கிலமும் ஒரே கோப்பில் உள்ளது. வேறு எழுத்துரு வைத்திருந்தாலும் முறை இதேதான்.

பக்கம் வந்துவிட்டது, எழுத்து மட்டும் சில நொடி காணவில்லை

படங்களும் பெட்டிகளும் வந்துவிடும். பத்தி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பிறகு திடீரென்று எழுத்து தோன்றும். எழுத்துரு அறிவிப்பில், அதாவது சிஎஸ்எஸ்ஸில் @font-face என்று தொடங்கும் பகுதியில், ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ எழுதாமல் விட்டதுதான் காரணம். எழுதாவிட்டால் பிரவுசர் ஏறத்தாழ 3 நொடி வரை எழுத்தை மறைத்து வைத்துக்கொண்டு கோப்புக்காகக் காத்திருக்கும். மெதுவான செல்பேசி இணைப்பில் இந்த 3 நொடியும் வாசகருக்கு வெற்றுப் பக்கம்தான்.

மதிப்புகளில் ‘பிளாக்’ இதே 3 நொடி மறைப்பைத்தான் தரும். படிக்க வேண்டிய உரைக்கு அதை வைக்கவே வைக்காதீர்கள். ‘ஸ்வாப்’ உடனடியாகக் கணினியின் எழுத்துருவில் காட்டிவிட்டு, கோப்பு எப்போது வந்தாலும் மாற்றும். ‘ஃபால்பேக்’ ஏறத்தாழ 100 மில்லிநொடி மறைக்கும், பிறகு 3 நொடி வரை மாற்றத்துக்கு இடம் கொடுக்கும், அதற்குப் பின் வந்தால் இந்தப் பார்வையில் மாற்றாது. ‘ஆப்ஷனல்’ 100 மில்லிநொடிக்குள் வந்தால் மட்டுமே பயன்படுத்தும்.

பத்திகளுக்கு ‘ஸ்வாப்’, கூடவே அடுத்த பகுதியில் சொல்லும் அளவுப் பொருத்தம். இதுதான் எங்கள் பரிந்துரை. பேருந்து நேரம், தேர்வு முடிவு மாதிரி வேகம் மட்டுமே முக்கியமான பக்கங்களில் ‘ஆப்ஷனல்’ போதும். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐயும், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என்னும் கணினியோடே வருகின்றன. அவற்றில் படிப்பதால் வாசகருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கூகுள் ஃபான்ட்ஸ் இணைப்பைப் பயன்படுத்தினால் முகவரியின் கடைசியில் ‘டிஸ்ப்ளே=ஸ்வாப்’ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சர்வரில் கோப்பை வைத்திருந்தால், முதல் திரையில் தேவைப்படும் ஒரே ஒரு எடையை மட்டும் ‘ப்ரீலோட்’ செய்யுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுத்துருக் கோப்பை, அது உங்கள் சொந்த சர்வரிலேயே இருந்தாலும், பிரவுசர் அடையாளம் காட்டாத முறையில்தான் கேட்கும். ஆகவே ப்ரீலோட் வரியில் ‘கிராஸ்ஆரிஜின்’ சேர்க்காவிட்டால் முன்கூட்டி எடுத்தது பயன்படாமல் போய், அதே கோப்பு இரண்டாம் முறை இறங்கும். நெட்வொர்க் தாவலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

சிலர் தாமதத்தைப் போக்குவதாக நினைத்து, எழுத்துருவை பேஸ்64 ஆக்கி சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். சிஎஸ்எஸ் முழுவதும் இறங்கும்வரை பக்கமே வரையப்படாது. நோயைவிட மருந்து கொடியதாகிவிடும்.

எழுத்து வந்தது, பிறகு பக்கமே குதிக்கிறது

வாசகர் இரண்டாவது வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்துரு மாறி, வரிகள் மடங்கி, அவர் படித்த இடம் கீழே போய்விடுகிறது. ‘ஸ்வாப்’ வைத்ததன் விலை இது. தமிழில் இது ஆங்கிலத்தைவிட அதிகமாகத் தெரியும். நம் சொற்கள் நீளமானவை. எழுத்து சற்று அகன்றாலே ஒரு சொல் முழுவதும் அடுத்த வரிக்கு இறங்கி, மூன்று வரிப் பத்தி நான்கு வரியாகிவிடும்.

முதலில் வரி உயரத்தை நீங்களே எண்ணாகக் கொடுங்கள். ‘லைன்-ஹைட்’ கொடுக்காவிட்டால் எழுத்துருவின் சொந்த மேல்கீழ் அளவிலிருந்து பிரவுசர் உயரத்தைக் கணக்கிடும். எழுத்துரு மாறினால் உயரமும் மாறும். அலகு எதுவும் இல்லாமல் 1.7 என்று கொடுத்தால் எந்த எழுத்துரு வந்தாலும் வரி ஒரே உயரத்தில் நிற்கும். செங்குத்துக் குதிப்பில் பெரும்பகுதி இதிலேயே நின்றுவிடும்.

அடுத்தது அகலம். மாற்று எழுத்துருவுக்குத் தனியாக ஒரு எழுத்துரு அறிவிப்பு எழுதி, மூலமாக ‘லோக்கல்’ என்று நிர்மலா யூஐயைக் கொடுத்து, ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ சேர்க்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். நாற்பது ஐம்பது எழுத்துள்ள, உங்கள் தளத்தின் உண்மையான ஒரு வாக்கியத்தை மடங்காத ஒற்றை வரியாக இரண்டு முறை போடுங்கள்: ஒன்று முக்தா மலரில், ஒன்று நிர்மலாவில், இரண்டும் 18 பிக்சலில். இன்ஸ்பெக்ட் செய்து சுட்டியை மேலே கொண்டுபோனால் அகலம் தெரியும். முதலாவது 640 பிக்சல், இரண்டாவது 684 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 640ஐ 684ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 93.6. அதுதான் நீங்கள் தர வேண்டிய சதவீதம். ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பாமல் மூன்று வாக்கியத்துக்கு அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

நிர்மலாவுக்கு வந்த சதவீதம் தமிழ் சங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே விண்டோஸுக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று என்று மூன்று அறிவிப்பு, மூன்று பெயர். எழுத்துருப் பட்டியலில் முக்தா மலருக்குப் பின் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். எந்தக் கருவியில் எது இருக்கிறதோ அது எடுபடும், மற்றவை தாமாகவே விலகிவிடும். சஃபாரி 17ஆம் பதிப்பிலிருந்துதான் சைஸ்-அட்ஜஸ்ட்டை ஏற்கிறது.

சரியாயிற்றா என்று பார்க்க, நெட்வொர்க் தாவலில் வேகத்தை 3ஜிக்குக் குறைத்துப் பக்கத்தை ஏற்றுங்கள். எழுத்துரு மாறும் நொடியில் வரிகள் எங்கே உடைகின்றன என்று கவனியுங்கள். பத்து பத்தியில் ஒன்றிரண்டு மட்டும் மடங்கினால் போதுமானது. குரோமின் லைட்ஹவுஸ் அறிக்கையில், பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்று காட்டும் சிஎல்எஸ் 0.1க்குள் இருந்தால் கூகுளின் கணக்கில் அது நல்ல நிலை.

பக்கம் முழுக்கத் தமிழ்தான், ஆனால் ஐந்தாறு எழுத்துருக் கோப்புகள் இறங்குகின்றன

எடைகள்தான் முதல் சந்தேகம். 300, 400, 500, 600, 700 என்று ஐந்தையும் இணைப்பில் சேர்த்துவிட்டு, உண்மையில் இரண்டைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட்-வெயிட்’ என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான தமிழ்த் தளங்களுக்கு 400, 700 இரண்டு போதும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. கூகுள் ஃபான்ட்ஸ் ஒவ்வொரு எழுத்துருவையும் எழுத்து முறைவாரியாகத் துண்டு போட்டுத் தருகிறது: தமிழ் ஒரு துண்டு, லத்தீன் ஒரு துண்டு, விரிவான லத்தீன் இன்னொன்று. ஒவ்வொரு துண்டுக்கும் ‘யூனிகோட்-ரேஞ்ச்’ என்று ஒரு எல்லை எழுதியிருக்கும். பக்கத்தில் அந்த எல்லைக்குள் ஓர் எழுத்தாவது இருந்தால்தான் அந்தத் துண்டு இறங்கும். யோசனை நல்லதுதான். ஆனால் தமிழ் வாக்கியத்தில் உள்ள இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, 1, 2, 3 என்ற எண்கள் எல்லாம் லத்தீன் துண்டில் இருக்கின்றன. ‘நாளை காலை 10 மணிக்கு.’ என்று எழுதினாலே இரண்டு கோப்பும் வேண்டும். இரண்டு எடை என்றால் நான்கு கோப்பு. அதோடு, இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. தமிழ் எழுத்து மாறி, ஒரு கணம் கழித்து இடைவெளியின் அகலம் மாறும். மறுபடி ஒரு குதிப்பு.

தமிழ்த் தளத்துக்குத் துண்டு போடாத ஒற்றைக் கோப்பே சிறந்தது. யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பகுதியில் 72 குறியீடுகள்தாம். கூட்டு வடிவங்களைச் சேர்த்தாலும் சீனம், ஜப்பான் மொழி எழுத்துருக்கள் மாதிரி மலையாகாது. தமிழோடு அடிப்படை லத்தீனையும் சேர்த்து ஒரே கோப்பாக வெட்டிக்கொண்டு உங்கள் சர்வரிலேயே வையுங்கள். கூகுள் இணைப்பு மற்ற தளங்களில் ஏற்கெனவே இறங்கியிருக்கும், கேஷிலிருந்து வரும் என்பது பழைய கணக்கு. குரோம் 86, அதாவது 2020 அக்டோபர் முதல் ஒவ்வொரு தளத்துக்கும் கேஷ் தனித்தனி. பக்கத்துத் தளத்தில் இறங்கிய கோப்பு உங்களுக்கு உதவாது. இரண்டு அயல் சர்வர்களோடு இணைப்பு ஏற்படுத்தும் நேரம்தான் மிச்சம். ஜெர்மனியில் வாசகர்கள் உள்ள தளங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசகரின் ஐபி முகவரி அனுமதியின்றிக் கூகுளுக்குப் போனதற்காக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

வெட்டும் வேலைக்கு பைத்தானில் ‘ஃபான்ட்டூல்ஸ்’, ‘ப்ராட்லி’ இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஃபான்ட்டூல்ஸோடு வரும் சப்செட் கருவிக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, எந்தக் குறியீடுகள் வேண்டும். தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. ஆங்கிலம், எண், நிறுத்தற்குறிகளுக்கு 0020 முதல் 007ஈ வரை, கூடவே 00ஏ0. சாய்ந்த மேற்கோள்களுக்கு 2018, 2019, 201சி, 201டி. சிறுகோடு, நெடுங்கோட்டுக்கு 2013, 2014. முப்புள்ளிக்கு 2026. ரூபாய்க் குறிக்கு 20பி9. எழுத்துகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் பயன்படும், கண்ணுக்குத் தெரியாத 200சி, 200டி இரண்டையும் மறக்காதீர்கள். மெய் இல்லாமல் தனித்து நிற்கும் குறியோடு வரும் புள்ளி வட்டமான 25சிசியையும் சேருங்கள்.

இரண்டு, ‘லேஅவுட்-ஃபீச்சர்ஸ்’ என்பதற்கு நட்சத்திரக் குறி. எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று பொருள். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில்.

மூன்று, ‘ஃப்ளேவர்’ என்பதற்கு வொஃப்2, அதாவது வலைக்கென்று சுருக்கிய எழுத்துருக் கோப்பு வகை. இன்றுள்ள எல்லா பிரவுசர்களும் வொஃப்2 படிக்கும். இஓடி, எஸ்விஜி, டிடிஎஃப் என்று ஐந்து வரி மூலம் எழுதும் பழைய வார்ப்பை எடுத்துவிடலாம். வொஃப்2வுக்குள் ப்ராட்லிச் சுருக்கம் ஏற்கெனவே இருப்பதால் சர்வரில் ஜிஜிப் செய்வதும் வீண்.

கோப்பின் பெயரில் பதிப்பு எண் சேர்த்து, கேஷ் காலம் 31536000 நொடி, அதாவது ஓராண்டு கொடுங்கள். எழுத்துருவின் உரிமக் கோப்பையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் ‘ரிசர்வ்டு ஃபான்ட் நேம்’ என்று பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால், வெட்டிய கோப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா கோப்புகளை நகலெடுத்து சர்வரில் ஏற்ற உரிமம் கிடையாது.

புள்ளி வட்டம் தெரிகிறது, கொம்பு தப்பான பக்கம் நிற்கிறது, கு சு து உடைந்திருக்கிறது

தமிழுக்கே உரிய சிக்கல் இது. பொறுமையாகப் பார்க்க வேண்டியது. முதலில் குற்றவாளி எழுத்துருவா, உரையா என்று பிரித்துவிடுங்கள். தவறாகத் தெரியும் சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே சரியாக வந்தால் உரை நல்லது, எழுத்துருவிலோ பக்கத்தின் நிரலிலோ கோளாறு. அங்கேயும் தவறாக வந்தால் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் பயனில்லை. உரையைத் திருத்த வேண்டும்.

எழுத்துருவில் கோளாறு என்றால் அநேகமாக வெட்டும்போது நடந்தது. ‘கொ’ என்று காட்ட, பிரவுசருக்குள் இருக்கும் ஒழுங்குபடுத்தும் நிரல் ஒற்றைக்கொம்பை ககரத்துக்கு முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் வைக்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். ஆனால் ‘கு’ என்பதற்கு ககரத்தோடு உகரக் குறி ஒட்டிய தனி வடிவம் எழுத்துருக் கோப்புக்குள் இருக்க வேண்டும், எந்த இரண்டு சேர்ந்தால் அந்த வடிவம் என்ற அட்டவணையும் இருக்க வேண்டும். ஜி-சப் என்று அந்த அட்டவணைக்குப் பெயர். புள்ளி மெய்யின் தலைமேல் சரியான இடத்தில் உட்காருவதற்குப் பல எழுத்துருக்களில் ஜி-பாஸ் என்ற இன்னொரு அட்டவணை உதவுகிறது. சப்செட் கருவி தமிழுக்கு வேண்டியவற்றை இயல்பாக விட்டுவைக்கும். யாராவது கோப்பின் அளவைக் குறைக்க எண்ணி அம்சப் பட்டியலில் ‘கெர்ன், லிகா’ என்று இரண்டை மட்டும் எழுதிவிட்டால் கூட்டு வடிவங்கள் மொத்தமும் போய்விடும். ‘கு’ என்பது ககரமும் பக்கத்தில் தனியாக ஒரு வளைவுமாக நிற்கும். இணையத்தில் கிடைக்கும் சில மாற்றிகளும், ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து, இதே வெட்டை இயல்பாகவே செய்கின்றன. மூலக் கோப்பிலிருந்து மறுபடி வெட்டுவதுதான் தீர்வு; வெட்டிய கோப்பில் ஒட்டுப்போட முடியாது.

ஒவ்வொரு முறை வெட்டிய பின்னும் இந்த வரியைப் பக்கத்தில் போட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள்:

கு சு டு து நு மு ரு ழு, கூ சூ தூ ரூ, டி டீ லி லீ, ணை ளை, கொ கோ கௌ, க்ஷ, ஸ்ரீ, ஜூ ஹூ, ௹

பக்கத்தின் நிரலில் கோளாறு வரும் இடங்களும் உண்டு. தட்டச்சு செய்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் அசைவூட்டம் அதில் முதலாவது. ஜாவாஸ்கிரிப்ட் சரத்தை ஒவ்வொரு குறியீடாக வெட்டும். ‘கோ’ என்பது அதற்கு இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி ‘ஸ்பான்’ குறிக்குள் போட்டால் ஓகாரக் குறி தன் மெய்யை இழந்து, புள்ளி வட்டத்தோடு நிற்கும். தேடிய சொல்லை மஞ்சளில் காட்டும் நிரலும் இதையே செய்யும்: ‘க’ என்று தேடினால் ‘கா’வின் நடுவே குறி விழும். ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்ட்டெல் செக்மென்ட்டர்’ (Intl.Segmenter) என்ற வசதியைத் தமிழ் மொழிக்கு, ‘கிராஃபீம்’ அளவில் அமைத்து வெட்டினால் உயிர்மெய் பிரியாது. குரோம் 87, சஃபாரி 14.1, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் இது உண்டு. க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாகப் பிரியும். அதைக் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைப்புகளுக்கு ‘லெட்டர்-ஸ்பேஸிங்’ கொடுக்கும் பழக்கத்தையும் தமிழில் விட்டுவிடுங்கள். கொம்பும் காலும் சேர்ந்து நிற்பதுதான் எழுத்து. இடைவெளி விட்டால் சொல் சிதறித் தெரியும்.

2009 வாக்கில் குஃபோன் என்ற முறை பரவலாக இருந்தது. எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படமாக வரையும். தமிழைச் சேர்த்து எழுதும் அறிவு அதற்குக் கிடையாது. பழைய தளத்தைப் புதுப்பிக்கும்போது அந்த நிரல் எங்காவது எஞ்சியிருந்தால் அகற்றிவிடுங்கள்.

உரையே தவறு என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றியபோது கொம்பு மெய்க்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவோம்: முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில். மாற்றி இதைக் கவனிக்காவிட்டால் கொம்பு புள்ளி வட்டத்தில் தொங்கும். இரண்டாவது, ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுவது. ‘கௌரவம்’ என்பதையும் ‘கெளரவம்’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ, அதன் பின் முழு ளகரம். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். சில எழுத்துருக்களில் அகலம் மட்டும் வேறுபடும். தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. எழுத்துரு மாற்றியதும் ‘கௌ சரியில்லை’ என்று வரும் புகார்களில் பல இப்படிப்பட்டவை.

ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் தெரிகிறது

ரெண்டர்டு ஃபான்ட்ஸ் பட்டியலில் முக்தா மலர் 412, நிர்மலா 2 என்பதுபோல் வரும். அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் பிடியுங்கள். அடிக்கடி மாட்டுவது ஶ. இது யூனிகோடில் 2005இல்தான், 4.1 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்திய வழக்கில் செய்த எழுத்துருக்களில் இருக்காது. ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒரே வடிவம். எழுத்துரு ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் மற்றது வேறு முகத்தோடு வரும். அடுத்தபடியாக ரூபாய்க் குறி, தமிழ் எண்கள், சாய்ந்த மேற்கோள். வெட்டும்போது விட்டிருந்தால் சேர்த்து வெட்டுங்கள். மூல எழுத்துருவிலேயே இல்லாவிட்டால் வேறு எழுத்துரு தேடுவதே வழி.

கோப்பு சரியாக வந்தும் எல்லா எழுத்துமே வேறு எழுத்துருவில் தெரிந்தால், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை. பெயர் ஒன்றாக இருந்தும் தமிழ் தனிக் குடும்பமாக இருப்பது வழக்கம். நோட்டோ சான்ஸ் வேறு, நோட்டோ சான்ஸ் தமிழ் வேறு.

தடித்த எழுத்து மை பூசினதுபோல் இருக்கிறது

700 எடைக்குக் கோப்பு கொடுக்கவில்லை. பிரவுசர் 400ஐ எடுத்து ஓரங்களை ஊதிப் போலித் தடிப்பு செய்கிறது. ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், தமிழில் முடியாது. ணகரத்தின் சுழிகளையும் ஞகரத்தின் உள்வளைவையும் 16 பிக்சலில் பாருங்கள்: உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைத்துக்கொண்டு மைப்பொட்டாகிவிடும். ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ என்பதற்கு ‘நன்’ (none) கொடுத்தால் போலித் தடிப்பு நின்றுபோகும். எந்த இடங்கள் 700 கேட்கின்றன என்பதும் அப்போது வெளிப்படும். பிறகு உண்மையான 700 கோப்பைச் சேருங்கள்.

மாறும் எழுத்துரு, அதாவது ஒரே கோப்பில் எல்லா எடையும் கொண்ட அனேக் தமிழ் போன்றவற்றில் இன்னொரு வகைத் தவறு உண்டு. அறிவிப்பில் எடையை ‘100 800’ என்று வீச்சாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது 400 மட்டுமே உள்ள கோப்பு என்று பிரவுசர் எடுத்துக்கொண்டு, உள்ளே நல்ல தடிப்பு இருக்கும்போதே போலியாக ஊதும்.

சாய்வெழுத்துக்கும் இதுவே. அச்சுத் தமிழுக்குச் சாய்வு மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக் கோப்பும் இல்லை. அழுத்தம் காட்ட வேண்டிய இடத்தில் 600 எடையோ வேறு நிறமோ கொடுங்கள்.

ஈகாரச் சுழியின் தலையோ ஊகாரத்தின் காலோ வெட்டுப்படுகிறது

ஆங்கிலத்துக்குச் செய்த வடிவமைப்பை அப்படியே தமிழுக்குப் போட்டால் வருவது. பொத்தானுக்கு 40 பிக்சல் உயரம், தலைப்புக்கு லைன்-ஹைட் 1.1, மேலே ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’. மூன்றும் சேர்ந்தால் ‘கூ’வின் அடி போய்விடும். பத்திக்கு 1.6 முதல் 1.8, தலைப்புக்கு 1.35 முதல் 1.45. நிலையான உயரத்தை எடுத்துவிட்டு குறைந்தபட்ச உயரமும் மேல்கீழ் பேடிங்கும் கொடுங்கள். எழுத்துக்குள் வண்ணச்சாயல் நிரப்பிய தலைப்புகளில் பின்னணிப் பெட்டியைத் தாண்டும் பகுதி நிறமின்றி மறையும், 0.15 ‘இஎம்’ பேடிங் சேர்த்தால் சரியாகும்.

என் கணினியில் நன்றாக இருக்கிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

உங்கள் கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியிருக்கிறீர்கள். எழுத்துரு அறிவிப்பே பக்கத்துக்கு வராவிட்டாலோ, அதில் ‘லோக்கல்’ மூலமும் இருந்தாலோ, சர்வர் கோப்பு இல்லாமலே பிரவுசர் உள்ளூர்ப் பிரதியை எடுத்துக் காட்டிவிடும். நிறுவாத வேறொரு செல்பேசியில் சோதியுங்கள்.

கோப்பு வராததற்கான காரணத்தை, பிழைச் செய்திகள் வரும் ‘கன்சோல்’ தாவல் சொல்லிவிடும். 404 என்றால் பாதை தவறு. விண்டோஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதமில்லை, லினக்ஸ் சர்வரில் உண்டு. ‘கார்ஸ்’ என்று வந்தால் எழுத்துரு வேறு டொமைனில் இருக்கிறது. உங்கள் தளம் கோப்பைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி வரியை (ஹெடர்) அந்த சர்வர் தன் பதிலோடு அனுப்ப வேண்டும். உங்கள் சர்வரில் பாதுகாப்புக் கொள்கை ஹெடர் வைத்திருந்தால் அதில் ‘ஃபான்ட்-எஸ்ஆர்சி’ வரியையும் பாருங்கள்.

கோப்பு 200 (வெற்றி) என்று வந்தும் ‘எழுத்துருவைப் படிக்க முடியவில்லை’ என்ற பிழையோடு 1008813135 என்ற விசித்திரமான எண் கன்சோலில் வந்தால், கோப்பின் முதல் நான்கு எழுத்துக்களை எண்ணாகப் படித்ததன் விளைவு அது. அந்த நான்கும் ஓர் ஹெச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்கமான டாக்டைப் வரியின் முதல் எழுத்துக்கள். சர்வர் எழுத்துருவுக்குப் பதிலாக ஒரு பிழைப் பக்கத்தையோ முகப்புப் பக்கத்தையோ அனுப்பியிருக்கிறது. கோப்பின் முகவரியை நேரடியாக பிரவுசரில் தட்டிப் பார்த்தால் புரியும்.

ஐபோனில் கூடுதல் பாதுகாப்புக்கான லாக்டவுன் முறையை இயக்கியவர்களுக்கு எந்த வலை எழுத்துருவும் வராது. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவர்களுக்காகவும் மாற்று எழுத்துருவில் பக்கம் ஒழுங்காக நிற்க வேண்டும்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை

பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய உரை இது. ஆங்கிலக் குறியீடுகளின் மேலோ பிற லத்தீன் குறியீடுகளின் மேலோ தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துருவை வலை எழுத்துருவாக ஏற்றினால் திரையில் சரியாகிவிடும் என்பதால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேடுபொறிக்கு அது தமிழ் இல்லை, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு வெறும் இரைச்சல், செல்பேசியில் நகலெடுத்து அனுப்பினால் மறுபடி குப்பை. ‘ஸ்வாப்’ வைத்தால் எழுத்துரு வரும்வரை எல்லோருக்குமே அந்தக் குப்பைதான் தெரியும்.

யூனிகோடுக்கு மாற்றுவது ஒன்றே தீர்வு. தரவுத்தளத்தின் நகலில் வேலை செய்யுங்கள். எந்தக் குறியாக்கம் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பாமினி மாற்றியில் டாப் உரையைக் கொடுத்தால் இரண்டாம் தலைமுறைக் குப்பை கிடைக்கும். ஹெச்டிஎம்எல் குறிகளையும் ஆங்கிலச் சொற்களையும் ஒதுக்கிவைத்து, தமிழ் உரையை மட்டும் மாற்றியில் செலுத்துங்கள். இல்லாவிட்டால் இணைப்பு முகவரிகளும் தமிழாகிவிடும். மாற்றிய பின் இடைவெளியை அடுத்து நேரடியாகக் கொம்பு வரும் இடங்கள், ‘ெள’ வரும் இடங்கள் இரண்டையும் தேடிப் பட்டியலெடுங்கள். முதல் பட்டியல் முழுவதும் பிழை. இரண்டாவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ‘கெளரவம்’ பிழை, ‘தெளிவு’ சரி.